ஒரு சென்டிமீட்டருக்கு எண்ணூறு மூட்டை

கப்பலைத் தூக்கி வைத்து எடை பார்க்கும் தராசு உலகத்தின் எந்தத் துறைமுகத்திலும் கிடையாது. இத்தனை ஆயிரம் டன் உரம் ஏற்றி வந்திருக்கிறோம் என்று கப்பல்காரர் காகிதத்தைக் காட்டுவார். அவ்வளவும் வந்து சேர்ந்ததா என்று சரக்கை வாங்கியவர் கேட்பார். இருவருக்கும் நடுவில் நின்று பதில் சொல்கிறவர் டிராஃப்ட் சர்வேயர். கப்பல் எவ்வளவு ஆழம் தண்ணீரில் அமிழ்ந்திருக்கிறது என்பதை அதன் உடலில் எழுதியிருக்கும் எண்களைப் பார்த்துப் படித்து, அந்தத் தண்ணீரின் அடர்த்தியை அளந்து, கப்பலுக்கென்று உள்ள அட்டவணையில் பொருத்தி, மொத்த எடையைச் சொல்வது அவர் வேலை. சரக்கு இறங்குவதற்கு முன் ஒரு தடவை, எல்லாம் இறங்கிய பின் ஒரு தடவை. இரண்டு எடைக்கும் உள்ள வித்தியாசத்தில் எரிஎண்ணெய், குடிதண்ணீர், கப்பல் நிலையாக நிற்க டேங்குகளில் நிரப்பும் பாலாஸ்ட் தண்ணீர் ஆகியவற்றின் மாற்றத்தைச் சரிசெய்தால் மிஞ்சுவதுதான் சரக்கு. சொல்லும்போது சுலபமாக இருக்கும் இந்த வேலையை நான் தொண்ணூறுகளின் தொடக்கத்தில் கடலூர் முதுநகரில் கற்றுக்கொண்டேன். கற்றுக்கொடுத்தவர் இப்போது இல்லை. அவர் கற்றுக்கொடுத்த விதத்தை எழுதி வைக்க வேண்டும் என்று நெடுநாளாக நினைத்திருந்தேன்.

கடலூர் துறைமுகம் கெடிலமும் பரவனாறும் கடலில் கலக்கும் இடத்தில் இருக்கிறது. நான் சேர்ந்த காலத்தில் பெரிய கப்பல் எதுவும் உள்ளே வராது; முகத்துவாரத்தில் அதற்கு ஆழம் இல்லை. கரையிலிருந்து ஏறத்தாழ ஒரு மைல் தள்ளித் திறந்த கடலில் நங்கூரம் போட்டு நிற்கும். பார்ஜுகள் என்னும் சரக்குப் படகுகள் ஆற்றிலிருந்து புறப்பட்டு முகத்துவாரத்தைத் தாண்டிப் போய்க் கப்பலின் பக்கத்தில் அணைத்துக் கட்டிக்கொள்ளும். உரம் கப்பலில் கொட்டிக் கிடக்கும். ஹேட்சுக்குள் ஆட்கள் இறங்கி, அங்கேயே மூட்டை பிடித்துத் தைத்து, ஸ்லிங்கில் கோத்துக் கொடுப்பார்கள். கப்பலின் டெரிக் அதைத் தூக்கிப் பார்ஜில் இறக்கும். பார்ஜ் நிறைந்ததும் மறுபடி முகத்துவாரம், மறுபடி ஆறு, கரையில் வார்ஃப், அங்கிருந்து கிடங்கு, லாரி, ரயில். அலை கொஞ்சம் எழும்பினாலும் பார்ஜும் கப்பலும் ஒன்றோடொன்று மோதும், வேலை நிற்கும். வேலை நின்ற ஒவ்வொரு மணி நேரமும் யார் கணக்கில் ஏறும் என்ற வழக்கு வேறு. காலையில் கடல் அமைதியாக இருக்கும். நண்பகலை ஒட்டிக் கடல்காற்று ஏறிவிடும். அதற்கு முன் எவ்வளவு முடிக்க முடியுமோ அவ்வளவு. இதுதான் அந்தத் துறைமுகத்தின் அன்றாடம்.

எனக்குச் சிதம்பரம். அண்ணாமலைப் பல்கலைக்கழகத்தில் இயற்பியல் படித்துவிட்டு வேலை தேடிக்கொண்டிருந்தேன். அப்பாவுக்குத் தெரிந்த ஒருவர் மூலம் முதுநகரில் இருந்த சிறிய சர்வே அலுவலகத்தில் உதவியாளாகச் சேர்ந்தேன். மீட்டர் கேஜ் பாசஞ்சரில் கிள்ளை, பரங்கிப்பேட்டை, புதுச்சத்திரம், ஆலப்பாக்கம் என்று தாண்டி வர வேண்டும். சர்வேயர் சார் பல ஆண்டுகள் கப்பலில் இருந்தவர். கரைக்கு வந்த பிறகும் மாலுமியின் ஒழுங்கை விடாதவர். முதல் நாள் என்னிடம் ஆர்க்கிமிடீஸ் தத்துவத்தைச் சொல்லச் சொன்னார். மூச்சு விடாமல் சொன்னேன். "சரி, அது உன் புத்தகத்துல இருக்கு. கடல்ல எங்க இருக்குன்னு தேடுவோம் வா" என்றார். அவர் குரலில் கிண்டல் இல்லை. தேடத்தான் கூட்டிப்போனார்.

கப்பலின் முன்பக்கம், நடு, பின்பக்கம் என்று ஒரு பக்கத்துக்கு மூன்று, இரண்டு பக்கமும் சேர்த்து ஆறு இடங்களில் ஆழக் குறிகள் இருக்கும். மீட்டருக்கு ஒரு பெரிய எண்; அதற்கு மேல் 2, 4, 6, 8 என்று இருபது சென்டிமீட்டருக்கு ஓர் எண். ஒவ்வோர் எண்ணின் உயரமும் பத்து சென்டிமீட்டர், எண்ணுக்கும் எண்ணுக்கும் இடையிலுள்ள வெற்றிடமும் பத்து சென்டிமீட்டர். எண்ணின் அடி விளிம்புதான் கணக்கு. ஏழு மீட்டருக்கு மேல் உள்ள 4-இன் காலடியைத் தண்ணீர் தொட்டால் 7.40. அதன் தலையைத் தொட்டால் 7.50. குளத்தில் நிற்கும் கப்பலாக இருந்தால் குழந்தைகூடப் படித்துவிடும். திறந்த கடலில் அந்தத் தண்ணீர் ஒரு கணம் 4-ஐ முழுக்க விழுங்கும், அடுத்த கணம் 2-க்குக் கீழே போய்விடும். நாம் உட்கார்ந்திருக்கும் படகும் அதோடு ஏறி இறங்கும். படகோடு நம் கண்ணும் ஏறி இறங்கும். இந்த ஆட்டத்துக்கு நடுவில் ஒரு சென்டிமீட்டர் பிசகாமல் எண்ணைச் சொல்ல வேண்டும்.

நான் படித்த எண்கள் எதுவும் சாரின் எண்ணோடு சேரவில்லை. எப்போதும் கூடுதலாகவே சொன்னேன். காரணம் எனக்கு விளங்கவில்லை. பார்த்ததைத்தான் சொல்கிறேன் என்று நினைத்தேன். சார் தன் எண்ணைத் தன் நோட்டில் எழுதி மூடி வைத்துவிடுவார். நான் எழுதிக் காட்டிய பிறகுதான் திறப்பார். பல வாரம் நான் கூடுதலாகவே எழுதிக்கொண்டிருந்ததைப் பார்த்துவிட்டு, ஒரு நாள் படகில் என்னைக் குந்தி உட்காரச் சொன்னார். தோளைப் பிடித்து இன்னும் கீழே அழுத்தினார். கண் தண்ணீர் மட்டத்துக்குப் பக்கத்தில் வந்தது. "இப்ப எதைத் தண்ணின்னு சொல்ற? காட்டு" என்றார். விரலை நீட்டினேன். நான் காட்டியது தண்ணீரை அல்ல; அலை ஏறி இறங்கியதில் நனைந்து பளபளத்துக்கொண்டிருந்த பெயின்டை. தண்ணீர் அதற்கு ஒரு சாண் கீழே இருந்தது. ஈரத்தின் விளிம்பு தெளிவாக, நேர்கோடாகத் தெரியும். உண்மையான நீர்மட்டம் நுரையும் நிழலுமாகக் கலங்கித் தெரியும். கண் தெளிவானதைத்தான் பிடித்துக்கொள்கிறது. அதை விட்டுக் கலங்கலானதைப் பார்க்கக் கண்ணைப் பழக்குவதற்கு எனக்கு ஒரு பருவமே ஆயிற்று.

ஈரத்தைக் கடந்த பிறகு அடுத்த தடை. அலையின் உச்சியையும் தாழ்வையும் துரத்திக்கொண்டிருந்தேன். ஒரு பெரிய அலை வந்தால் மனம் அதிலேயே நின்றுவிடும். சராசரி மேலே போய்விடும். இதைச் சரிசெய்தவர் படகோட்டி அண்ணன். சிங்காரத்தோப்புக்காரர். கப்பல் சுவரிலிருந்து ஒரு கை தூரத்தில், இடிக்காமலும் விலகாமலும், எஞ்சினை அடக்கியும் அவிழ்த்தும் படகை நிறுத்தி வைத்திருப்பார். அந்த வேலையைப் பற்றித் தனியாக ஒரு கட்டுரை எழுதலாம். "தம்பி, பெருசு வரும்போது பாக்காத. வரட்டும், போவட்டும். பெருசுங்க கூட்டமா வரும், கூட்டமா போவும். போன பின்னாடி கடல் கொஞ்சம் நேரம் சும்மா கெடக்கும் பாரு, அப்ப பாரு" என்றார். புத்தகத்தில் அலைக்கூட்டம் என்று படித்ததுதான் அது. ஆனால் எப்போது கூட்டம் முடிகிறது என்பது படகின் பலகை வழியாக உள்ளங்காலுக்குத் தெரிய வேண்டும். அவர் காலுக்குத் தெரிந்தது. அவர் "ம்" என்று சொல்லும்போது நான் பார்ப்பேன். அந்த ஓய்வில் தண்ணீர் மூன்று நான்கு விரல் அகலத்துக்குள் அசைந்துகொண்டிருக்கும். கொஞ்ச நாளில் அவர் "ம்" சொல்வதை நிறுத்திவிட்டார். சார் சொல்லித்தான் நிறுத்தியிருக்கிறார் என்பது பின்னால் தெரிந்தது.

அலையை அடக்கும் ஒரு குழாய் சாரிடம் இருந்தது. கண்ணாடி மாதிரித் தெரியும் நீண்ட பிளாஸ்டிக் குழாய். அடியில் சிறிய துளை மட்டும். குறிக்குப் பக்கத்தில் செங்குத்தாகப் பிடித்தால், வெளியே அலை எவ்வளவு ஆடினாலும் துளை வழியாகத் தண்ணீர் மெதுவாகத்தான் ஏறி இறங்கும். உள்ளே மட்டம் ஏறக்குறைய நிலையாக நிற்கும். அது படகிலேயே கிடக்கும். எனக்குத் தர மாட்டார். கண் படித்த எண்ணைச் சரிபார்க்கத்தான் குழாய், கண்ணுக்குப் பதிலாக அல்ல என்பது அவர் எண்ணம். இன்று யோசித்தால் அவர் சொன்னது சரி என்றே படுகிறது. கப்பலின் காற்றடிக்கும் பக்கத்தில் குழாயைப் பிடித்துக்கொண்டு நிற்க முடியாத நாட்கள் பிற்பாடு எத்தனையோ வந்தன.

இந்தக் காலத்தில்தான் சார் என்னைப் படகில் ஏற்றாமல் வார்ஃபுக்கு அழைத்துப்போனார். பார்ஜிலிருந்து இறங்கிய பொட்டாஷ் மூட்டைகள் அடுக்கியிருந்தன. "நேத்து நடுக்குறியில நீ ஒரு சென்டிமீட்டர் கூடச் சொன்ன. அது எவ்வளவு, எண்ணு" என்றார். அந்தக் கப்பல் ஒரு சென்டிமீட்டர் அமிழ 40 டன் வேண்டும். அந்த அளவுள்ள கப்பல்களுக்கு அப்படித்தான் வரும். மூட்டை 50 கிலோ. 800 மூட்டை. மனக்கணக்காகச் சொன்னேன். "வாயால சொல்லாத, எண்ணு" என்றார். அடுக்கின் நீளம், அகலம், உயரம் என்று நடந்து நடந்து எண்ணினேன். எண்ணூறு மூட்டை முடியும் இடத்தில் நின்று திரும்பிப் பார்த்தபோது, என் சுண்டுவிரல் நகத்தின் அகலம் அங்கே எத்தனை லாரி நிற்கிறது என்று தெரிந்தது. அந்தப் பொட்டாஷ் போகப்போவது எங்கள் பக்கத்து வயல்களுக்கு. வீராணம் தண்ணீர் பாயும் நிலத்தில் என் அப்பா ஒன்றிரண்டு மூட்டையாக வாங்கி வந்து, சாக்கைத் தட்டி உதறிக் கடைசிப் பிடி வரை தூவுவதைப் பார்த்து வளர்ந்தவன் நான். அன்றிலிருந்து குறியைப் பார்க்கும்போது எனக்கு அவசரம் வந்ததில்லை.

எண்ணைவிடக் கடினமாக இருந்தது காது. கப்பலின் முதல்நிலை அதிகாரியான சீஃப் மேட் நம்மோடு படகில் வருவார். இல்லையென்றால் மேல்தளத்திலிருந்து எட்டிப் பார்ப்பார். குறியைப் பார்த்ததும் உரக்க ஓர் எண்ணைச் சொல்வார். அவருக்கு அனுபவம் அதிகம், பதவி பெரிது, குரலும் பெரிது. அந்த எண் காதில் விழுந்த பிறகு கண்ணுக்கும் அதுவேதான் தெரியும். 7.46 என்று தோன்றிக்கொண்டிருந்தது, அவர் 7.43 என்றதும் 7.43 ஆகிவிடும். சார் இதை முகத்தைப் பார்த்தே கண்டுபிடித்துவிடுவார். "அது அவர் எண். உன் எண் எங்க?" என்பார். மேட் வாய் திறப்பதற்கு முன் எழுதிவிட வேண்டும், எழுதியதை அடிக்கக் கூடாது, வித்தியாசம் வந்தால் இருவரும் சேர்ந்து மறுபடி பார்க்க வேண்டும் என்பது அவர் விதி. மேட் பொய் சொல்கிறார் என்று அவர் ஒருநாளும் நினைத்ததில்லை. அவர் கப்பலுக்கு அவர் பார்க்கிறார், சரக்குக்கு நாம் பார்க்கிறோம், இரண்டு பேர் தனித்தனியாகப் பார்த்து ஒரே எண் வந்தால்தான் அந்த எண்ணுக்கு மரியாதை என்பார்.

இதே பாடம் தண்ணீரின் அடர்த்தியில் வேறு உருவத்தில் வந்தது. நல்ல கடல்நீரின் அடர்த்தி 1.025, ஆற்று நீர் 1.000. உப்பு குறைந்த தண்ணீரில் கப்பல் கூடுதலாக அமிழும். கப்பலின் நடுவே வட்டமும் கோடுமாக வரைந்திருக்கும் பிளிம்சால் குறியில் நன்னீர்க் கோடு கடல்நீர்க் கோட்டுக்கு மேலே இருப்பதற்குக் காரணம் அதுதான். 1876-இல் பிரிட்டனில் சட்டமாகி, பிறகு உலகம் முழுக்கப் பரவிய குறி அது. கப்பலில் கேட்டால் பல மேட்டுகள் கடல்தானே என்று 1.025 போட்டுவிடுவார்கள். கடலூரில் அப்படிப் போட முடியாது. இரண்டு ஆறு வந்து விழுகிற இடம்.

தண்ணீர் எடுப்பதற்கு ஒரு புட்டி. அடியில் ஈயம் கட்டியிருக்கும், வாயில் தக்கை, தக்கையில் தனிக் கயிறு. கப்பல் அமிழ்ந்திருக்கும் ஆழத்தில் பாதிக்கு இறக்கி, தக்கைக் கயிற்றைச் சட்டென்று இழுக்க வேண்டும். உள்ளே தண்ணீர் புகும்போது காற்று வெளியேறும் நடுக்கம் கயிற்றில் மெல்லியதாக விரலுக்கு வரும். நடுக்கம் நின்றால் புட்டி நிறைந்துவிட்டது. நான் நடுக்கம் நிற்பதற்கு முன் தூக்கினேன். பாதிப் புட்டி வரும் வழியில் மேல்தண்ணீரை வாங்கிக்கொண்டு நிறைந்தது. தக்கையை மெதுவாக இழுத்தேன். பாதி திறந்து, மேலே வரும் வழியெல்லாம் குடித்துக்கொண்டு வந்தது. அடர்த்தி அளக்கும் ஹைட்ரோமீட்டரில் இன்னொரு பாடு. கண்ணாடித் தண்டில் விரல் எண்ணெய் பட்டால் தண்ணீர் ஒரு பக்கம் ஏறி ஒரு பக்கம் இறங்கிப் பிடிக்கும். தண்டின் நுனியை மட்டும் பிடித்து, லேசாகச் சுழற்றி விட்டு, ஒட்டிய குமிழ்கள் உதிர்ந்து, அது தானாக நின்ற பிறகு, தண்ணீரின் தட்டையான மட்டத்தில் கண்ணை வைத்துப் படிக்க வேண்டும். அலுவலகத்துக்குக் கொண்டுபோய் நிதானமாகப் படிக்கலாம் என்று ஒருமுறை புட்டியை மூடி வைத்தேன். "அது வெயில்ல சூடாகி வேற தண்ணி ஆயிடும். கடல்ல எடுத்ததைக் கடல்லயே படி" என்று கொட்டச் சொல்லிவிட்டார்.

ஐப்பசியில் ஒரு கப்பல் வந்தது. மேற்கே மழை கொட்டியிருந்தது; கெடிலம் செந்நிறமாக ஓடிக்கொண்டிருந்தது. முகத்துவாரத்திலிருந்து கலங்கல் நீர் விசிறியாக விரிந்து கப்பல் வரை வந்திருந்தது. படகு ஆடிய ஆட்டத்தில் புட்டியை இறக்க அஞ்சி, வாளியை விட்டு மொண்டேன். 1.012 காட்டியது. வெள்ளம்தானே, குறைவாகத்தான் இருக்கும் என்று சமாதானம் செய்துகொண்டு எழுதினேன். சார் அந்த எண்ணைப் பார்த்தார், தண்ணீரைப் பார்த்தார், புட்டியை என் கையில் கொடுத்தார். பாதி ஆழத்தில் எடுத்தபோது 1.021. நன்னீர் கனம் குறைந்தது. உப்புநீரின் மேல் மெல்லிய ஏடாகப் படர்ந்திருந்தது. கப்பல் மிதந்துகொண்டிருந்ததோ அந்த ஏட்டுக்குக் கீழே உள்ள தண்ணீரில். அன்றைக்குக் கப்பலின் மொத்த எடை 18,000 டன்னை ஒட்டி இருந்தது. என் வாளித் தண்ணீரை நம்பியிருந்தால் 150 டன்னுக்கு மேல், அதாவது மூவாயிரம் மூட்டைக்கு மேல், கப்பலில் இல்லவே இல்லை என்று எழுதியிருப்போம். மேலே ஒன்று, நடுவில் ஒன்று, அடியில் ஒன்று என்று மூன்று ஆழத்தில், கப்பலின் முன், நடு, பின் மூன்று இடத்திலும் எடுக்க வைத்தார். விரல்கள் கயிற்றில் உரிந்துபோயின. ஆனால் அந்தக் காலையில்தான், கீழே போய் மேலே வரும் புட்டி அடித்தண்ணீரின் வேறுபாட்டைக் கயிற்றின் ஈரம் வழியாகக் கொண்டுவருவதை முதன்முதலில் உணர்ந்தேன். தண்ணீருக்குள் மாடி மாடியாகத் தண்ணீர் இருக்கிறது என்பது அன்று கைக்குத் தெரிந்தது.

கப்பலின் மேலே ஏறினால் அடுத்த வேலை டேங்குகள். நூலேணியில் ஏறுவதற்கே ஒரு பாடம் உண்டு. அலை படகை உயர்த்தும் உச்சியில் ஏணிக்கு மாற வேண்டும், கையைப் பக்கக் கயிற்றில் வைக்க வேண்டும், படிக்கட்டையில் வைக்கக் கூடாது. மேல்தளத்தில் ஒவ்வொரு பாலாஸ்ட் டேங்குக்கும் ஒரு குழாய் மூடி இருக்கும். சாக்பீஸ் தடவிய இரும்பு டேப்பின் நுனியில் பித்தளைக் குண்டு. அதை இறக்கினால் அடித்தகட்டில் தட்டும். தட்டுவது காதுக்கு அல்ல, டேப் வழியாக விரலுக்கு. இரும்பில் பித்தளை படுகிற சுத்தமான தட்டு ஒன்று. சேற்றில் அமுங்குகிற மந்தமான தொடல் ஒன்று. குழாயின் வளைவில், துருவில் குண்டு தடுக்கி நிற்கிற பொய்த் தட்டு ஒன்று. மூன்றும் எனக்கு ஒன்றாகவே இருந்தன. பொய்த் தட்டில் ஏமாந்து, டேங்க் காலி என்று எழுதிக்கொடுத்தேன். "குழாய் எவ்வளவு ஆழம்னு அட்டவணையில போட்டிருக்கு. உன் டேப் அவ்வளவு போச்சா?" என்று மட்டும் கேட்டார். போகவில்லை. மறுபடி இறக்கி, டேப்பை லேசாகத் தூக்கிப் போட்டு, தடையைத் தாண்ட விட்டதும் இன்னும் ஒரு மீட்டருக்கு மேல் வழுக்கிக்கொண்டு போய், சுத்தமாகத் தட்டியது. வெளியே எடுத்தால் டேப்பின் நுனிப் பக்கம் சாக்பீஸ் தூள் நனைந்திருந்தது. காலி என்று கப்பல் சொன்ன டேங்க் அது. காலி என்று யார் சொன்னாலும் டேப்பை இறக்கு என்று அதற்குப் பிறகு அவர் சொல்லத் தேவைப்படவில்லை.

கணக்குப் பகுதி எனக்குச் சீக்கிரம் வந்துவிட்டது. படித்த படிப்பு அங்கே கைகொடுத்தது. ஒன்று மட்டும் சொல்லத் தக்கது. கப்பல் வளையும். நடு ஹேட்சுகளில் பாரம் அதிகமிருந்தால், ஆள் உட்கார்ந்த கயிற்றுக் கட்டிலாக நடு தொய்யும். முன்னும் பின்னும் பாரம் அதிகமிருந்தால் நடு எழும்பும். அதனால் முன், பின் எண்களை ஒரு தடவையும் நடு எண்ணை ஆறு தடவையும் கூட்டி எட்டால் வகுப்பது வழக்கம். எட்டில் ஆறு பங்கு பெறும் நடுக்குறியை ஏன் சார் அத்தனை நேரம் பார்த்தார் என்பது இந்தச் சூத்திரத்தைப் போட்ட அன்று விளங்கியது.

கார்த்திகை பிறந்தால் வேலை ஓய்ந்துவிடும். வடகிழக்குப் பருவத்தில் அந்தத் திறந்த கடலில் கப்பல் நிற்காது. பார்ஜ் முகத்துவாரம் தாண்டாது. துறைமுகக் கம்பத்தில் பகலில் கூம்பும் உருளையுமாக, இரவில் சிவப்பும் வெள்ளையுமான விளக்குகளாகப் புயல் எச்சரிக்கை ஏறும். கடலூரில் கூண்டு ஏற்றினார்கள் என்று வானொலியில் ஊரெல்லாம் கேட்பார்கள். எங்களுக்கு அது வேறு செய்தி. ஒன்றாம் எண் என்றால் தொலைவில் புயல் உருவாகிறது. மூன்று, நான்கு என்றால் துறைமுகத்துக்கே அதன் பாதிப்பு உண்டு. எட்டு, ஒன்பது, பத்து பேராபத்து. பதினொன்று என்றால் வானிலை மையத்தோடு தொடர்பே அறுந்துவிட்டது. முதல் எண் ஏறிய உடனேயே சார் கடலைப் பார்க்கத் தொடங்குவார். அலையின் நீளம் கூடியிருக்கிறதா என்று பார்ப்பார். காற்று வருவதற்கு முன்பே தொலைதூரப் புயலின் நீண்ட அலை கரைக்கு வந்துவிடும். அப்படியான ஒரு நாளில், பாதிச் சரக்கோடு நின்ற கப்பல் நங்கூரம் தூக்கிக் கடலுக்குள் போக வேண்டியிருந்தது. போகும் முன் ஓர் இடைக்கணக்கு எடுத்தாக வேண்டும். சார் படகில் ஏறவில்லை. "நீ பாத்துட்டு வா" என்று நோட்டை என்னிடம் கொடுத்தார்.

அந்தக் காலையில் எண்கள் தாமாக வரவில்லை. ஒவ்வொன்றுக்கும் காத்திருக்க வேண்டியிருந்தது. கடல் பக்கத்து நடுக்குறியில் தண்ணீர் அரை மீட்டருக்கு மேல் ஏறி இறங்கியது. அண்ணன் ஒன்றும் சொல்லாமல் படகைப் பிடித்துக்கொண்டிருந்தார். பெரிய அலைகளை விட்டேன். இன்னொரு கூட்டத்தையும் விட்டேன். அதற்குப் பின் வந்த ஓய்வில், ஈரக்கோடு மேலே இருக்க, கலங்கிய நீர்மட்டம் தனியாகப் பிரிந்து தெரிந்தது. எழுதினேன். மேட் தன் எண்ணைச் சொன்னார்; எனக்கும் அவருக்கும் மூன்று சென்டிமீட்டர் வித்தியாசம். மறுபடி பார்க்கலாம் என்று கேட்டேன். அவர் நேரத்தைப் பார்த்தார், வானத்தைப் பார்த்தார், இறங்கி வந்தார். இருவரும் குந்தி உட்கார்ந்து பார்த்தோம். அவருடைய எண் என் பக்கம் நகர்ந்து ஒரு சென்டிமீட்டரில் நின்றது. அந்த நிலையில் அவ்வளவுதான் முடியும் என்று இரண்டு பேருக்கும் தெரியும். மொத்தக் கணக்கில் அரை சதவீதம் வரை வித்தியாசத்தை இந்தத் தொழில் ஏற்றுக்கொள்கிறது. அதற்கு உள்ளே நாங்கள் நன்றாகவே இருந்தோம். அறிக்கையில் சார் தன் பெயருக்குக் கீழே என்னையும் கையெழுத்துப் போடச் சொன்னார். பாராட்டு எதுவும் சொல்லவில்லை. அடுத்த பருவத்தில் அலையை அடக்கும் அந்தக் குழாயை என் கையில் கொடுத்தார்.

பிறகு சென்னை, தூத்துக்குடி, காக்கிநாடா என்று வேலை செய்தேன். காக்கிநாடாவிலும் வெளியே நங்கூரம் போட்டுப் பார்ஜில் சரக்கைக் கையாளும் கப்பல்கள் உண்டு. அங்கே போய் நின்றபோது எனக்குப் புது ஊராகத் தோன்றவில்லை. 2009-இல் காரைக்கால் துறைமுகம் திறந்தபின் நிலக்கரிக் கப்பல்களுக்காக அந்தப் பக்கமும் வந்துபோனேன். பெர்த்தில், அதாவது கரை மேடையில், கட்டிய கப்பலில் குறி பார்ப்பது சுகமான வேலை. ஆனால் தண்ணீர் அங்கேயும் ஒன்றாக இருப்பதில்லை. 1.025 என்று அச்சடித்த படிவத்தோடு வரும் இளைஞர்களிடம் புட்டியைக் கொடுத்து இறக்கச் சொல்கிறேன். தக்கைக் கயிற்றை அவர்கள் மெதுவாகத்தான் இழுக்கிறார்கள். மறுபடி இறக்கச் சொல்கிறேன்.

கடலூரில் சாகர்மாலா திட்டத்தின் கீழ்ப் புதிய பெர்த்துகள் கட்டி, ஆழப்படுத்தி இருக்கிறார்கள். 2004 சுனாமியையும் 2011-இன் தானே புயலையும் பார்த்த அந்தக் கரையில் மறுபடி கப்பல்கள் வந்து நின்று, அன்றாடம் சரக்கு இறங்க வேண்டும் என்பது என் ஆசை. அந்த வேலைக்குச் சிதம்பரம், பரங்கிப்பேட்டை, கிள்ளைப் பக்கத்துப் பிள்ளைகள் வர வேண்டும். வருகிறவர்கள் ஒன்றைத் தெரிந்துகொண்டு வரட்டும். வெளிக்கடலில் ஒரு மைல் தள்ளி நின்ற கப்பலுக்கே ஆற்றின் ஏடு வந்து சேர்ந்தது. ஆற்று வாயை ஒட்டிய பெர்த்தில் அது இன்னும் தடிமனாக இருக்கும், ஏற்றவற்றத்துக்கு ஏற்ப மணிக்கு மணி மாறும். இந்தக் கரையில் ஏற்றவற்றம் ஒரு மீட்டருக்கும் குறைவுதான் என்பதால் அதை அசட்டை செய்யத் தோன்றும். மழைக்காலத்தில் குறி பார்த்த அதே நேரத்தில் தண்ணீரும் எடுத்தாக வேண்டும். காலையில் எடுத்த எண்ணை மாலைக் கணக்கில் எழுத முடியாது. புட்டிக்குக் கயிறு பருத்தியாக இருந்தால் நல்லது. நைலானில் அந்த நடுக்கம் சரியாக வராது.